அப்பா செய்த உடம்பு

எங்கள் அப்பா மறைந்து, வருகிற ஆனி மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த தோழர்களுக்கும், கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், அப்பாவிடம் துணி தைத்துக்கொண்ட பெண்கள் அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

ஒரே மகள் என்பதால் இந்தக் கட்டுரை என் தலையில் விழுந்தது. அச்சகத்துக்காரர், "பொறந்த ஊர்ல ஆரம்பிச்சி, பட்ட கஷ்டம், நல்ல குணம்னு வரிசையா எழுதிக் குடும்மா. நாலு பக்கம் ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்றார். அவர் சொன்ன வரிசையில்தான் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை எந்த வீட்டு அப்பாவுக்கும் பொருந்தும், எங்கள் அப்பாவுக்கு மட்டும் பொருந்தாது. அம்மாவிடம் கேட்டேன். "எழுது. தெருவே பாத்துச்சு, எழுதறதுக்கு இன்னா?" என்றார். அதனால் எழுதுகிறேன். இதில் எனக்கே விளங்காதவை நிறைய இருக்கின்றன. படிப்பவர்களில் யாருக்காவது விளங்கினால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

அப்பா பாகூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், கொஞ்சம் நஞ்சை வைத்திருந்த குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். எட்டாவது வரை படித்தார். மீசை அரும்பும் வயதிலேயே பாண்டிக்கு வந்து மில்லில் சேர்ந்துவிட்டார். நூல் நூற்கும் பிரிவில் வேலை. சங்கத்தில் அவருக்கு நல்ல பெயர். கேட் கூட்டத்தில் மைக் இல்லாமலே கடைசி ஆள் வரை கேட்கும்படி பேசுவார் என்று மில் தோழர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவருடைய மீசையைப் பற்றியும் சொல்கிறார்கள். அந்த மீசைக்கு அவர் கொடுத்த மரியாதையை மேனேஜருக்குக்கூடக் கொடுத்ததில்லையாம்.

அம்மா திருக்கனூர்ப் பெண். சீதனத்தில் ஒரு தையல் மிஷின் வந்தது. அம்மாவுக்கோ ஊசியில் நூல் கோக்கும் பொறுமைகூடக் கிடையாது. பல வருடங்கள் அந்த மிஷின் மேல் ரேடியோ இருந்தது, அப்புறம் டிவி இருந்தது.

மில்லை மூடியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் வாட்ச்மேனாகவும் லோடுமேனாகவும் போனார்கள். அப்பா எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தார். ஒரு நாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது டிவி தரையில் இருந்தது. அப்பா மிஷின் முன்னால் உட்கார்ந்து அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்த துண்டுகளைப் பாயில் பரப்பி, எது எதோடு சேரும் என்று பார்த்து, மறுபடி தைத்தார். அதையே திரும்பப் பிரித்துத் திரும்பத் தைத்தார். இப்படித்தான் கற்றுக்கொண்டார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

அவர் தைத்த முதல் புது ஜாக்கெட்டில் வலது கை இடது பக்கமும் இடது கை வலது பக்கமும் போய்விட்டன. அதைப் போட்டுக்கொண்டுதான் அம்மா வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனார். கையைத் தலைக்கு மேல் தூக்க வரவில்லை. நெஞ்சுக்கு நேராகவே கும்பிட்டுவிட்டு வந்தார். "எப்டி இருக்கு?" என்று அப்பா ஆவலாகக் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் புடிக்குது" என்றார். ஆக, அப்பாவின் முதல் வாடிக்கை அம்மாதான். பின்னால் நடந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிவதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்தில் எங்கள் தெருவிலும் சுற்றுப்பட்டிலும் அப்பாவின் கைக்குப் பெயர் வந்துவிட்டது. அதற்குத் தையல் மட்டும் காரணம் இல்லை. அப்பா ஒரு பெண்ணின் மேலும் டேப் வைத்து அளவெடுத்ததில்லை. "அளவு ஜாக்கெட் குடுத்தனுப்புங்க" என்பார். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்று வரும். அதைப் பார்த்துப் புதியதை வெட்டுவார். வந்தவர்கள் என்னிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டு வாசலோடு போய்விடுவார்கள். பல வாடிக்கைகளின் முகமே அப்பாவுக்குத் தெரியாது, ஜாக்கெட்டைப் பார்த்தால்தான் ஆள் தெரியும். அந்தந்த வீட்டு ஆண்கள் நிம்மதியாக இருந்தார்கள். அம்மாவும் நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதியை ஒரு ரோப் வந்து கெடுத்தது.

சுனாமிக்கு மறுவருடம். டவுனில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்குப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு மதாம் ஒருவர் அப்பாவிடம் ஜாக்கெட் தைத்துக்கொள்வார். எழுபது வயதுக்கு மேல். பிரான்சிலிருந்து அவருடைய பேத்திகள் ஒரு கல்யாணத்துக்காக வருகிறார்கள், மூன்று பேருக்கும் ரோப் தைக்க வேண்டும் என்றார். ரோப் என்றால் தோளிலிருந்து கணுக்கால் வரை விழும் நீளமான கவுன். அப்பா வழக்கம்போல, "அளவு ரோப் ஒண்ணு குடுத்தனுப்புங்க மதாம்" என்றார். மதாம் சிரித்துவிட்டார்.

"மிசியே, ரோப்ப ஜாக்கெட் மாதிரி மடியில வெச்சிகினு தெக்க முடியாது. தோள்ல நிக்கணும், இடுப்புல விழணும். அளவ வேணா போன்ல கேட்டு எழுதித் தரேன். ஆனா ஒரு மன்கேன் வேணும். எங்க அம்மா ஊட்ல இருந்துச்சு, தலையும் கையும் இல்லாத பொம்மை. அது மேல போட்டுப் போட்டுத்தான் தெப்பாங்க."

அப்பா நேரு வீதிக்குப் போய் ஜவுளிக் கடைகளில் நிற்கும் பொம்மைகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். "அது ஒண்ணும் மனுஷ உடம்பு இல்ல. இடுப்பு ஒரு சாண்தான் இருக்கு. ஊசி குத்தினா ஊசிதான் ஒடியும்" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார் என்று நினைத்தோம்.

அந்த வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக் காதுகுத்துக்காக நானும் அம்மாவும் திருக்கனூர் போனோம். அப்பா வேலை இருக்கிறது என்று வரவில்லை. திங்கட்கிழமை காலை நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா குளித்துவிட்டு வெற்றுடம்போடு நின்றார். நடுமுதுகில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் இருந்தது.

"இன்னாங்க இது?"

"கதவு ஆணி கீச்சிடுச்சு."

அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். முதுகு உயரத்துக்கு எந்தக் கதவில் ஆணி இருக்கிறது என்று எண்ணெய் காய்ந்த பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு பொம்மை வீட்டுக்கு வந்தது. மூன்று சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு வந்தவர் ஏழுமலை சித்தப்பா. உடன்பிறந்தவர் இல்லை. அப்பாவோடு மில்லில் மெஷின்களுக்கு எண்ணெய் போடும் வேலையில் இருந்தவர். மில் மூடிய பிறகு தேங்காய்த்திட்டில் ஃபைபர் படகுகளுக்கு விரிசல் அடைக்கப் போனார். சுனாமிக்குப் பிறகு அவருக்கு ஓய்வே கிடையாது. எப்போது வந்தாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதையளக்கும் மனிதர், அன்று பொம்மையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

பழுப்பு நிறப் பார்சல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிச் செய்த ஒரு பெண் உடம்பு. கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை இருந்தது. கழுத்தையும் கை இருக்க வேண்டிய இடங்களையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கெட்டுப்போன ஸ்டாண்டு ஃபேனின் கம்பியும் அடித்தட்டும் அதற்குக் கால். முதுகில் மேலிருந்து கீழாக வெட்டித் திரும்ப ஒட்டிய கோடு தெரிந்தது. அப்பா அதை ஜன்னல் ஓரம் மிஷினை ஒட்டி நிறுத்தினார்.

அம்மா முன்னால் நின்று பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்.

"யாரு இது?"

"யாருமில்ல. பொம்ம."

"அது தெரியுது. யார் உடம்புங்க இது?"

"உடம்புதான். தெக்கிறதுக்கு."

"ஏதோ ஒரு ஆள் மேல சுத்தித்தான எடுத்திருக்கு? முதுகுல எலும்பு தெரியுது பாருங்க. மனசுல நெனச்சிகினு செஞ்சா முதுகெலும்பு வருமா? நான் இல்ல, எனக்கு இவ்ளோ தோளு கெடையாது. நம்ம பொண்ணும் இல்ல. அப்ப யாரு?"

அப்பா மிஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். நான் அன்று கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்கும் அப்பா ஏதாவது ஒரு பதில் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் இருந்தது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஒரு பெண்ணின் மேலும் டேப் வைக்காத மனிதர், யாரோ ஒரு பெண்ணை நிற்கவைத்து உடம்பு முழுக்க டேப் சுற்றியிருக்கிறார். நாங்கள் ஊரில் இல்லாத நாளில் சுற்றியிருக்கிறார். முதுகில் கீறலும் இருக்கிறது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அம்மா அழவில்லை, கத்தவில்லை. அந்த வாரமே தன் புது ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கும் வேறொரு தையல்காரரிடம் போய்விட்டார். தையல்காரர் மனைவி வேறொருவர் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது என்றால் அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? குழாயடியில் நிற்கும் எல்லோருக்கும் கையின் வெட்டைப் பார்த்தே தெரிந்துவிட்டது, இது அப்பா கை இல்லை என்று. "இன்னாக்கா, ஊட்ல தெக்கலியா?" என்று கேட்டவர்களிடம், "அவருக்கு வேற உடம்பு கெடச்சிருச்சு" என்றார் அம்மா.

அதிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. போகிற வருகிற பெண்களின் முதுகைப் பார்ப்பது. கோவில் வரிசையில், ரேஷன் கடையில், டெம்போவில் என்று எங்கே போனாலும் அம்மா என் முழங்கையில் இடித்து, "இவ தோளப் பாரு" என்பார். நான், "இல்லம்மா, உயரம் பத்தாது" என்பேன். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கூடை கொண்டுவரும் ஒரு அம்மாவுக்குச் சுமந்து சுமந்து நல்ல அகலமான தோள். அவரிடம் அம்மா இரண்டு மாதம் மீன் வாங்கவில்லை. "இன்னா அண்ணி, எம் மீனு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று அவர் வாசலில் நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கல்லூரியில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியை கரும்பலகையில் எழுதத் திரும்பும்போது நான் பாடத்தைக் கவனித்ததில்லை.

மதாமின் ரோப்கள் மூன்றும் பிரமாதமாக வந்தன. அதைப் பார்த்து இன்னும் பல சொல்தா வீடுகளிலிருந்து வேலை வந்தது. அப்பா பொம்மையின் இடுப்பில் துணியைச் சுற்றிப் பெருக்கவைப்பார், அளவுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வார். ஆனால் எதைத் தைத்தாலும் தோளில் மட்டும் ஒன்றரை அங்குலம் கழித்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் கழிக்க வேண்டிய ஒரு தோளை ஏன் தேடிப்பிடித்தார்? மதாமுக்கு அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் புரிந்தது, தப்பாக.

நான் அப்பாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "அம்மா கஷ்டப்படறாங்கப்பா. யாருன்னு எங்கிட்டயாவது சொல்லுங்க." அப்பாவின் காது சிவந்துவிட்டது. கேட் கூட்டத்தில் அவ்வளவு பேசியவர், "போயி படி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சிவப்பைக் கண்டு எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இப்படி மூன்று வருடம் போயிற்று. வீட்டில் சண்டை இல்லை. சமையல் நடந்தது, என் படிப்பு முடிந்தது, எனக்கு வேலை கிடைத்தது. அம்மா அப்பாவின் டீயை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போவார், கையில் கொடுக்க மாட்டார். வீட்டுக்குள் வரும்போது பொம்மை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார். பொம்மையை அவர் ஒரு நாளும் பொம்மை என்று சொன்னதில்லை. "அவ" என்றுதான் சொல்வார். "அவ இருக்கற எடத்துல நான் பாய் போட மாட்டேன்."

அப்பாவின் நுரையீரலை மில் பஞ்சு முன்பே அரித்து வைத்திருந்தது. கடைசி மாதங்களில் பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே அம்மா அவரைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார். முகம் துடைத்தார், கஞ்சி ஊட்டினார், முதுகு நீவிவிட்டார். அப்படி ஒரு மத்தியானம் நீவிக்கொண்டே கேட்டார்.

"இப்பவாவது சொல்லிடுங்க. நான் சண்ட போட மாட்டேன். யாருங்க அது?"

அப்பா அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "சொன்னா சிரிப்ப" என்றார்.

"இது சிரிக்கிற மூஞ்சியாங்க?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு அவர்தான் சிரித்தார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு நான்கு நாள்தான் இருந்தார். அம்மா மறுபடி கேட்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கத்தில் இறந்தவர் படுத்த பாய், தலையணை, உடுத்திய பழைய துணி எல்லாவற்றையும் அன்று வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுவோம். பங்காளிகள் ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வைத்தார்கள். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் எடுத்தாயிற்றா என்று யாரோ கேட்டபோது, கையை நீட்டி ஜன்னல் ஓரத்தைக் காட்டினார்.

"அவளையும் எடுத்துகினு போங்க."

ஒரு பங்காளி பொம்மையை இடுப்போடு அணைத்துத் தூக்கி வாசல் வரை கொண்டுபோய்விட்டார். பந்தலில் பாத்திரம் கழுவ உதவிக்கொண்டிருந்த ஏழுமலை சித்தப்பா அதைப் பார்த்தார். ஈரக் கையோடு ஓடிவந்து பொம்மையை மறித்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாம் அண்ணி! அது அண்ணன்!"

கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நான் நினைத்தேன். சித்தப்பா அழுதுகொண்டே சொன்னதைக் கோத்துப் பார்த்தால் நடந்தது இதுதான்.

உடம்பு மேல் சுற்றித்தான் பொம்மை எடுக்க வேண்டும், அச்சின் மேல் ஃபைபர் போட்டுப் படகு எடுப்பதுபோல, என்று சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பாதான். அதற்கு எந்தப் பெண்ணைக் கூப்பிடுவது? அம்மாவைக் கேட்கலாம் என்றால், இன்னொரு ஆள் வந்து டேப் சுற்ற வேண்டும். அப்பா தானே சுற்றலாம் என்றாலோ, சுற்றுகிற விதம் அவருக்குத் தெரியாது. கடைசியில் அப்பாவே நின்றுவிட்டார். நாங்கள் திருக்கனூர் போன அந்த ஞாயிறு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலைச் சாத்தி, டேப் பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, பனியனோடு நின்றிருக்கிறார். பனியன் மேல் பஞ்சு வைத்துத் தைத்த இரண்டு பொதிகள். அதன் மேல் டேப். "கீழ இறுக்குடா, இடுப்புல இன்னும் இறுக்கு" என்று அப்பாவே சொல்லிக்கொண்டு நின்றாராம். பாதியில் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, மார்பும் இடுப்புமாக, மீசையோடு, நடுக்கூடத்தில் அசையாமல் நின்றாராம். சிலிண்டர்காரர் போன பிறகு முதுகில் கத்திரி போட்டு வெட்டி எடுக்கும்போது சித்தப்பாவுக்குச் சிரிப்பில் கை நடுங்கிவிட்டது. அதுதான் அந்தக் கீறல். வெட்டி எடுத்ததைத் துணித் துண்டு மூட்டையோடு தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அடைத்து ஒட்டிக் கால் வைத்துத்தான் சித்தப்பா அடுத்த ஞாயிறு வண்டியில் கொண்டுவந்தார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எம் பொண்ணு தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. நீங்க இதுக்குத்தான் கோவமா இருந்தீங்கன்னு எனக்கு சத்தியமா தெரியாது."

அம்மா எழுந்து வந்தார். மிஷின் மேலிருந்த கத்திரியை எடுத்து சித்தப்பாவிடம் நீட்டினார். அவர் முதுகுக் கோட்டை மறுபடி வெட்டினார். உள்ளே அடைத்திருந்தவை வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகள். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரின் ஜாக்கெட் நிறங்களும் வெளியே வந்து விழுந்தன. எல்லாவற்றையும் எடுத்த பிறகு உள்பக்கம் வெறும் பனியன்தான் தெரிந்தது. வெளியே பெண்ணாக இருந்த உடம்பு, உள்ளே தட்டையாக இருந்தது.

அம்மா கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போயிற்று. கழுத்துப் பக்கம் தடவினார், இடது தோளைத் தடவினார், வலது தோளுக்குப் போனார். அங்கே கை நின்றது. அப்பாவுக்கு வலது தோள்பட்டை சற்று இறங்கியிருக்கும். ஆஸ்பத்திரியில் அம்மா நாள் முழுக்க நீவிவிட்ட இடம் அது.

"இவருதான்" என்றார் அம்மா.

அப்புறம் சிரித்தார். கருமாதி வீட்டில், பங்காளிகள் மொட்டைத் தலையோடு நிற்க, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று வந்திருந்த சிலர் அதைத் தப்பாகப் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்ற எனக்கே அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிடித்து உட்காரவைத்தபோது என்னைக் கேட்டார்: "எம் புருஷன் எவளையும் பாக்கலன்னு சந்தோஷப்படறதா, மூணு வருஷம் அவரு தோளப் பாத்துட்டே அவர சந்தேகப்பட்டேன்னு அழறதா? எதடீ செய்யறது?"

எனக்கு விளங்காதது இதுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று வருடக் கசப்பு அன்றே தீர்ந்திருக்கும். அம்மா சிரித்திருப்பார், தெரு சிரித்திருக்கும், ஒரு வாரத்தில் மறந்திருக்கும். அந்த ஒரு வாரச் சிரிப்புக்குப் பயந்தாரா? கொடி பிடித்த கையும் முறுக்கிய மீசையுமாக இருந்தவர், பஞ்சுப் பொதி கட்டிக்கொண்டு நின்றேன் என்று சொல்வதைவிட, இன்னொரு பெண்ணோடு பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாரா? அல்லது அம்மா தன்னைச் சந்தேகப்பட்டதே அவருக்கு அடிபட்ட மாதிரி இருந்து, "இவளா கேக்கறா" என்று வாயை மூடிக்கொண்டாரா? ஒவ்வொரு நாளும் ஒன்று சரி என்று படுகிறது. மறுநாள் அது சரியில்லை. அப்பா நேர்மையானவர், உழைப்பாளி, வாக்கு மாறாதவர் என்று எழுதத்தான் அச்சகத்துக்காரர் சொன்னார். அவை எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அப்பாவைத் தெரியும் என்று எழுத மட்டும் கை வரவில்லை.

பொம்மையை என்ன செய்வது என்பதிலும் ஒரே குழப்பம். இறந்தவர் உடம்பை வீட்டில் வைக்கலாமா என்றார் ஒருவர். டேப்பும் பனியனும் எப்படி உடம்பாகும் என்றார் இன்னொருவர். எரிக்க வேண்டும் என்றும் கடலில் விட வேண்டும் என்றும் யோசனை சொன்னார்கள். கோவில் பூசாரியைக் கேட்டோம். அவர் வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்து, திருநீறு பூசப் போய், நெற்றி இல்லாததால் கையைக் கீழே போட்டுவிட்டு, "உங்க மனசுக்கு எப்டித் தோணுதோ அப்டி" என்று சொல்லிவிட்டார். அம்மா துணித் துண்டுகளைத் தானே திரும்ப அடைத்து, முதுகை ஒட்டி, பழைய இடத்திலேயே நிறுத்தினார். இப்போது அதற்கு எதிரேதான் பாய் போடுகிறார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த மில் தோழர்களுக்கும், கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்த மதாமுக்கும், சத்தியத்தை மீறிய ஏழுமலை சித்தப்பாவுக்கும் நன்றி. நாங்கள் மூன்று வருடம் முதுகை அளந்த பெண்கள் எல்லோரிடமும், முக்கியமாகப் பிள்ளைச்சாவடி மீன்கார அம்மாவிடமும், எங்கள் பேராசிரியையிடமும், அம்மாவும் நானும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

ஓராண்டுப் படையலில் புது வேட்டி சட்டை வைத்து, படைத்த பிறகு வீட்டு ஆண் ஒருவர் அதை உடுத்திக்கொள்வது எங்கள் வழக்கம். கடைச் சட்டை வேண்டாம் என்றார் அம்மா. போன வாரம் அப்பாவின் டேப்பை எடுத்துப் பொம்மைக்கு அளவெடுத்தார். அம்மா டேப்பைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தோள் சரியாக வந்தது. மார்பு முப்பத்தெட்டு வந்தது.

"பஞ்ச எடுத்துடலாமாம்மா? அப்பாவுக்கு இவ்ளோ கெடையாதே."

அம்மா டேப்பைப் பிடித்தபடியே யோசித்தார். "வேணாம். அவரு வெச்சது. அப்டியே தெச்சிடு."

அப்பா தைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றதை வைத்து அப்படியே தைத்தேன். வீட்டில் ஆண் பிள்ளை இல்லாததால் சித்தப்பாதான் அதைப் போட்டுக்கொள்ளப் போகிறார். அவர் ஒல்லி. படையல் அன்று சட்டை அவர் மேல் எப்படி நிற்கும் என்று எனக்கே தெரியாது. பார்த்துச் சிரிப்பு வந்தால் யாரும் அடக்கிக்கொள்ள வேண்டாம்.

நேற்று மத்தியானம் சட்டையைப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தோம். அம்மா ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். காலரை நீவிவிட்டார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டே போய், வலது தோளில் கை வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாங்க வெக்கம்?"

கேட்டுவிட்டு, பதில் வரும் என்பதுபோல அங்கேயே நின்றார். நானும் நின்றேன்.

அன்பு மகள்